ஈயம் பூச ஆள் இருக்கா?

கோடாலிக்கருப்பூர் சேலை என்று ஒன்று இருந்தது. தஞ்சை மராத்திய அரச குடும்பத்துப் பெண்களுக்கென்றே நெய்தது. மெல்லிய பருத்தி. நெய்யும்போதே ஊடையில் சரிகைப் பூக்களைக் கோத்துவிடுவார்கள். தறியிலிருந்து இறக்கிய பிறகு மெழுகால் கோலமிட்டு, ஆழ்ந்த சிவப்பும் கருப்புமாகச் சாயம் ஏற்றுவார்கள். சாயத்துக்கு அடியிலிருந்து சரிகை மங்கலாக மினுங்கும். நெசவாளி ஒருவர், எழுதுகிறவர் ஒருவர், சாயம் போடுகிறவர் ஒருவர் என்று பல கைகள் மாறி வந்த துணி. இன்று அதைப் பார்க்க வேண்டுமானால் அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோனார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. சேலைக்கு இருந்த பெரிய வாடிக்கை அரண்மனைதான். அரண்மனையின் கை இறுகியதும் தறிக்கு வேலை குறைந்தது. அப்புறம் சில பத்தாண்டுகளில் தொழிலே அடங்கிவிட்டது. பின்னாளில் அதை மீட்டெடுக்க நடந்த முயற்சிகளில் நல்ல மாதிரித் துணிகள் வந்தன. தெருவில் யாரும் உடுத்திப் போகும் சேலையாக அது திரும்பவில்லை.

இதுவரை எல்லோரும் சொல்கிற கதைதான். எனக்குச் சுவாரசியமாகப் படுவது இதன் மறுபாதி. அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தை ஒட்டிய அதே கருப்பூர் வட்டாரத்தில், அதே மாதிரி குச்சியால் துணியில் எழுதிச் சாயம் போடுகிற இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. கோயிலுக்கு வேண்டிய தொம்பை (குழல் வடிவில் தைத்துத் தொங்கவிடுவது), அஸ்மானகிரி (மேலே விதானமாகக் கட்டுவது), குடைத்துணி, தேர்ச்சீலை. அது சாகவில்லை. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றைக்கும் எழுதுகிறார்கள். 2021இல் கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

ஒரே வட்டாரம், கிட்டத்தட்ட ஒரே கைப்பழக்கம். ஒன்று போய்விட்டது, ஒன்று இருக்கிறது. ராஜா போனார், சாமி இருக்கிறார் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் விஷயம் அது மட்டுமில்லை என்று நினைக்கிறேன். அரண்மனைச் சேலை பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். ஒரு விசேஷத்துக்கு எடுத்து உடுத்தி, மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். தொம்பையோ தேரில் தொங்கி வெயிலில் வெளுக்கும், மழையில் நனையும், எண்ணெய்ப் புகையில் கறுக்கும், கயிற்றில் மாட்டிக் கிழியும். சில வருஷத்துக்கொரு முறை கோயில் புதுசு கேட்டாக வேண்டும். அந்தக் கிழிசல்தான் எழுதுகிறவர் வீட்டில் அடுப்பு எரிய வைத்தது.

பாரம்பரியக் கைவினை என்றாலே நாம் அழகைப் பற்றிப் பேசுவோம், நுணுக்கத்தைப் பற்றிப் பேசுவோம், "அழிந்து வரும் கலை" என்று ஒரு பெருமூச்சு விடுவோம். தேய்மானத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் பார்த்தவரை, புழங்கித் தேய்ந்து பழுதாகி மறுபடி கைவினைஞரிடமே போய்ச் சேர்கிற பொருள்தான் தாக்குப்பிடிக்கிறது. ஒரே ஒரு முறை வாங்கி ஷோகேஸில் வைத்துவிடுகிற பொருளுக்கு ஆயுள் கெட்டி, அதைச் செய்கிறவருக்குத்தான் ஆயுள் குறைவு.

தஞ்சாவூர்த் தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளைத் தட்டின் மேல் வெள்ளியிலும் செம்பிலும் புடைப்பாகச் சாமி உருவங்கள் பதித்த வேலை. சரபோஜி காலத்துக் கொடை என்பார்கள். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் சாப்பிட முடியாது, அதை வைத்துப் பூஜை செய்கிறவர்களும் குறைவு. அது பணி ஓய்வு பெறுகிறவருக்கும் விழாவுக்கு வந்த அமைச்சருக்கும் கொடுக்கிற பொருளாகவே ஆகிவிட்டது. அந்த இடத்துக்கு அக்ரிலிக் ஷீல்டும் பொன்னாடையும் வந்தபோது தட்டுக்குப் போக வேறு இடம் இல்லை. வாங்கியவர் வீட்டில் அது சுவரில் ஆணியில் தொங்குகிறது. எப்போதும் பழுதாகப் போவதில்லை.

புவிசார் குறியீட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். 1999இல் சட்டம் வந்து, 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பொருள்களின் எண்ணிக்கை 60ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு முறை குறியீடு கிடைக்கும்போதும் செய்தி வருகிறது, ஊர்க்காரர்கள் இனிப்பு கொடுக்கிறார்கள். நல்லது. வேறு ஊர்க்காரர் அந்தப் பெயரைப் போட்டு விற்காமல் தடுக்க அது ஒரு கருவி. ஆனால் பெயரைக் காப்பது வேறு, வேலையைக் காப்பது வேறு. வாங்க ஆள் இல்லாத பொருளுக்குப் பெயர் மட்டும் பத்திரமாக இருந்து என்ன ஆகப் போகிறது?

சரி, என் தேய்மானக் கணக்குக்கு ஒத்துவராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுவாமிமலை ஐம்பொன் சிலை. வாங்கியபின் நூற்றாண்டுக் கணக்கில் பழுதே ஆகாது. சோழர் காலத்துச் சிலை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தாலும் அப்படியே நிற்கிறது. அப்படியானால் ஸ்தபதிகள் எப்படிப் பிழைத்தார்கள்?

முதலில் அந்த வேலை. தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்து அளவுகோலாக்கிக்கொள்வார்கள். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று உடம்பின் விகிதம் முழுக்க அந்த மடிப்புகளில் இருக்கும். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண் பூச்சு. முதல் பூச்சு மிக மெல்லியதாக இருக்க வேண்டும். மெழுகில் இருக்கும் நகக்கீறல்கூட அதில் பதிய வேண்டும். அப்புறம் கனமான பூச்சுகள், கம்பிக்கட்டு. காய்ந்ததும் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். ஆறியபின் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஓர் அச்சில் ஒரு சிலைதான். பிறகு உளியும் அரமும் கொண்டு மாதக்கணக்கில் செதுக்கு வேலை.

இவ்வளவு உழைப்பையும் தாங்குகிற வாடிக்கை இரண்டு. ஒன்று, வெளிநாடுகளில் தமிழர்கள் கட்டுகிற கோயில்கள். இன்னொன்று, நம் ஊர்க் கோயில்களில் 12 வருஷத்துக்கொரு முறை குடமுழுக்கு நடக்க வேண்டும் என்கிற வழக்கம். இந்தப் பன்னிரண்டு வருஷக் கணக்கைப் பக்தி சார்ந்த விஷயமாக மட்டும் பார்த்துவிடுகிறோம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அது ஒரு பராமரிப்பு ஒப்பந்தம். கோபுரத்துச் சுதைச் சிற்பம் உதிர்ந்திருக்கும், வர்ணம் போயிருக்கும், கலசம் மங்கியிருக்கும், மர வாகனத்தின் கால் ஆடிக்கொண்டிருக்கும், கதவின் பித்தளைத் தகடு கழன்றிருக்கும். எல்லாவற்றையும் சரி செய்தால்தான் குடமுழுக்கு. சுதை வேலைக்காரர், தச்சர், கன்னார், வர்ணக்காரர், ஸ்தபதி என்று அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை கிடைத்துவிடும். ஒரு ஊரில் முடிந்தால் அடுத்த ஊரில் ஆரம்பிக்கும். தமிழ்நாட்டில் எத்தனை கோயில் என்று நினைத்துப் பாருங்கள். பொருளைப் பழுது பார்த்தே ஆக வேண்டும் என்று நாள் குறித்து வைத்திருக்கிற வாடிக்கையாளர் இந்த நாட்டில் கோயிலைத் தவிர வேறு யாராவது உண்டா? ஆக, ஐம்பொன் சிலை பழுதாகாமல் இருக்கலாம். அதைச் சுற்றியிருக்கிற எல்லாமே பழுதாகிக்கொண்டிருப்பது ஸ்தபதிக்கு நல்லதாகப் போயிற்று.

இந்தக் கணக்கு பச்சையாகத் தெரிவது இசைக்கருவிகளில்தான்.

மிருதங்கம் வாசிக்கிறவர் வீட்டுக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும். அவருக்குக் கருவி செய்து கொடுப்பவருடன் உள்ள உறவு, குடும்ப டாக்டருடன் உள்ள உறவை விட நெருக்கமானது. பலா மரக் கட்டை தலைமுறை தாண்டி உழைக்கும். தோல் அப்படியில்லை. வாசிக்க வாசிக்க வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், கருப்பு வட்டமாக இருக்கும் கரணை உதிரும். கிட்டான் கல்லைப் பொடித்து, வெந்த சோற்றோடு பிசைந்து, பொட்டுப் பொட்டாக வைத்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து அடுக்கடுக்காக ஏற்றியது அந்தக் கரணை. ஒரு அடுக்கு கூடினாலும் நாதம் மாறும். வார் தளரும், இழுத்துப் பிடிக்க வேண்டும். தோலை மாற்ற வேண்டும். ஆகவே வித்வானும் செய்பவரும் வருஷம் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார்கள். "இன்னும் கொஞ்சம் கனமா வேணும்", "மீட்டு சுத்தமா இல்லை" என்று இவர் சொல்ல, அவர் ஏதோ செய்து பார்க்க, கருவி இப்படித்தான் வளர்ந்தது. வித்வான் பாலக்காடு மணி ஐயருக்கும் அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்துக்கும் இருந்த உறவு அப்படிப்பட்டது. மேடையில் பெயர் சொல்லப்பட்டது ஒருவருக்குத்தான் என்பது தனிக் கதை. மாட்டுத்தோலைக் கையால் தொடுகிறவர்களை எங்கே உட்கார வைத்தோம் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு மிருதங்கத்தின் சரித்திரத்தைப் பேச முடியாது.

இப்போது திருகாணி வைத்த மிருதங்கமும் செயற்கைத் தோலும் வந்திருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு வேறு வழியில்லை. அங்கே தோல் மாற்ற யாரைத் தேடுவது? பழுது பார்க்க ஆள் இல்லாத இடத்தில் கருவியே தன்னை மாற்றிக்கொள்கிறது.

நாகஸ்வரமும் அப்படித்தான். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில் நரசிங்கம்பேட்டை. அங்கே நாகஸ்வரம் கடைவது ஆச்சா மரத்தில். பச்சை மரம் ஆகாது. ஆண்டுக்கணக்கில் காய்ந்து இறுகிய கட்டை வேண்டும். அதனால் பழைய வீடுகளை இடிக்கும்போது இறக்குகிற உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்குவார்கள். யாரோ வாழ்ந்து முடித்த வீட்டின் கூரை அடுத்த நூறு கல்யாணங்களுக்கு ஊதப் போகிறது. ராஜரத்தினம் பிள்ளையால் புகழ்பெற்ற பாரி நாகஸ்வரம் இந்த ஊர்க் கைவேலைதான். 2022இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் குழல் மட்டும் இருந்தால் நாகஸ்வரம் பேசாது. வாயில் வைக்கிற சீவாளி வேண்டும். நாணல் தட்டையைப் பதப்படுத்தி, நறுக்கிக் கட்டிச் செய்வது. அது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் வித்வான்கள் நாலைந்தைக் கருவியிலேயே கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். செய்தி, விருது, குறியீடு எல்லாம் குழலுக்கு. சீவாளி செய்கிறவர் ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த மனிதர், அவ்வளவுதான். அவர் கடையை மூடினால் என்ன நடக்கும் என்று குழல் கடைகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கவலையோடுதான் பதில் சொல்வார்கள்.

வீணைக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கல். தஞ்சாவூர் வீணை 2013இல் குறியீடு பெற்றது. இசைக்கருவிகளில் இந்தியாவிலேயே அதுதான் முதல். வீணையில் தந்தியை அழுத்திப் பிடிக்கிற 24 மெட்டுகளும் மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. வெயில் காலத்தில் மெழுகு இளகும், மெட்டு நகரும், சுருதி கெடும். மெழுகை எடுத்துவிட்டு மறுபடி ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு உட்கார வைப்பதை மேளம் கட்டுவது என்பார்கள். இதற்குக் கையில் திறமை போதாது, காதில் ஞானம் வேண்டும். வீணை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மேளம் கட்ட ஆள் கிடைக்காமல் உறைக்குள் படுத்திருக்கும் வீணைகளும் நிறைய இருக்கின்றன. என் உறவுக்கார அத்தை ஒருவர் வீட்டில் ஒன்று மூலையில் சாய்ந்து நிற்கிறது. "வாசிக்கிறது மறந்துபோச்சா அத்தை?" என்று கேட்டேன். "எனக்கு மறக்கலைடா, அதுக்குத்தான் மறந்துபோச்சு" என்றார்.

பாய்க்கும் ஜமக்காளத்துக்கும் வந்த கேடு வேறு தினுசு. அங்கே பழுது பார்க்கிறவர் போகவில்லை, பழுதாக்குகிற நாமே போய்விட்டோம். தரையில் உட்காருவதை நிறுத்திவிட்டோம்.

பத்தமடைப் பாய் தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையில் நெய்வது. கோரையை மெல்லியதாகக் கிழித்துக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, இழை இழையாகச் சீவுவார்கள். மிக நுணுக்கமான பட்டுப்பாயில் கோரை நூல் மாதிரி இருக்கும். பாயை மடித்துப் பெட்டியில் வைக்கலாம். ஊரின் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்து வரும் வேலை. நெல்லைப் பக்கம் எந்தச் சாதி, எந்த மதக் கல்யாணமானாலும் பொண்ணு மாப்பிள்ளை பெயர் போட்ட பத்தமடைப் பாய் வரிசையில் இருந்தாக வேண்டும் என்று இருந்தது. இப்போதும் பெயர் போட்ட பாய்க்கு ஆர்டர் வருகிறது. விழுந்தது அதற்குக் கீழே இருந்த சாதாரணப் படுக்கைப் பாய். தினமும் விரித்து, சுருட்டி, ஓரம் பிய்ந்து, இரண்டு மூன்று வருஷத்தில் புதுசு வாங்குகிற பாய். கட்டிலும் மெத்தையும் ஒரு பக்கம், பிளாஸ்டிக் பாய் இன்னொரு பக்கம். நெசவாளியின் மாத வருமானம் பட்டுப்பாயில் இல்லை, இந்த முரட்டுப் பாயில்தான் இருந்தது. உச்சாணிப் பூவை மட்டும் காப்பாற்ற நினைத்து வேருக்குத் தண்ணீர் விடாத கதை இது.

பவானி ஜமக்காளத்துக்குச் சட்டமே துணை இருக்கிறது. 1985ஆம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும். விசைத்தறியில் நெய்து வெளியூரிலிருந்து வந்து இறங்குகிற சரக்கு அந்தச் சட்டத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் விசைத்தறியை விடப் பெரிய எதிரி, என் கணிப்பில், வாடகை பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு காலத்தில் கல்யாண வீடு, பஞ்சாயத்து, பஜனை, கட்சிக் கூட்டம் எல்லாம் ஜமக்காளத்தின் மேல்தான் நடந்தன. பந்தல்காரர் வண்டியில் பெஞ்சோடு ஜமக்காளக் கட்டும் வரும். ஆயிரம் கால்கள் மிதித்து, குழம்பு கொட்டி, சாயம் போய், வருஷா வருஷம் புதுக் கட்டு வாங்குவார். இப்போது அதே பந்தல்காரர் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார். முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலி வசதி என்பதை மறுக்கவில்லை. நானும் அதில்தான் உட்காருகிறேன்.

ஓலைச்சுவடியையும் இந்த வரிசையில் சேர்ப்பேன். பனையோலை சில நூறு வருஷத்துக்கு மேல் தாங்குவது அரிது. பூச்சி அரிக்கும், ஓரம் முறியும். அதனால் படியெடுப்பது என்ற வேலை ஓயாமல் நடந்தது. ஓலையைப் பதம் செய்கிறவர், எழுத்தாணி அடிக்கிற கொல்லர், பிழையில்லாமல் பெயர்த்தெழுதுகிறவர் என்று ஒரு தொழில் வரிசையே இருந்தது. அச்சு வந்ததும் படியெடுப்பது நின்றது. அது நின்ற பிறகு மிஞ்சிய ஏடுகள் தங்கள் கடைசிப் பிரதியில் இருந்தன. செல்லரித்தால் போனது போனதுதான். கோடாலிக்கருப்பூர்ச் சேலையின் எசமானர் மறைந்த அதே 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடியது இந்தக் கடைசிப் பிரதிகளைத்தான். தஞ்சை சரசுவதி மகால் போன்ற இடங்களில் இன்றும் சுவடிகளை எண்ணெய் தடவித் துடைத்துப் பாதுகாக்கிறார்கள். சம்பளம் வாங்கும் பழுது பார்ப்பவர்கள் இருப்பதால் அவை இருக்கின்றன.

"அம்மி கொத்தலையோ அம்மி" என்ற குரல் தெருவில் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. அம்மி வழவழப்பாகிவிட்டால் மிளகாய் அரையாது, வழுக்கும். உளியால் பொத்துப் பொத்தாகக் கொத்திவிட்டுப் போவார்கள். ஆட்டுக்கல்லுக்கும் அதே வைத்தியம். மிக்ஸி வந்து அம்மியைத் தோட்டத்துக்கு அனுப்பியது. கல் வேலை முழுக்கச் செத்துவிடவில்லை, கிரைண்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கே புவிசார் குறியீடு இருக்கிறது தெரியுமா? மோட்டார் வைத்த சாமானுக்குப் பாரம்பரியப் பொருள்களோடு ஒரே பதிவேட்டில் இடம். முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. யோசித்தால் நியாயம்தான். அந்தக் கல்லும் தேய்கிறது, அதையும் கொத்த வேண்டியிருக்கிறது.

ஆத்தங்குடிக் கல் பதித்த வீடுகளும் இப்படித்தான் பிழைத்தன. கண்ணாடிப் பலகையின் மேல் வர்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் அடித்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு ஏறிவிடும். அதற்கப்புறம் மெருகு போடுவது வீட்டுக்காரர்களின் கால்கள். புழங்காத வீட்டில் அது மங்கும், நடமாட்டமுள்ள வீட்டில் பளபளக்கும்.

கடைசியாகப் பித்தளைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

பித்தளைப் பாத்திரம் மறுபடி வீட்டுக்குள் வந்துவிட்டது. எங்கள் அம்மா தலைமுறை எடைக்குப் போட்டது, எங்கள் தலைமுறை எடைக்கு வாங்குகிறது. எவர்சில்வர் வந்த புதிதில் தெருவில் பாத்திரக்காரர் வருவார்; பழைய பட்டுப்புடவையைக் கொடுத்தால் அடுக்கு, தூக்கு, தாம்பாளம் தருவார். அந்தப் புடவைகளை எரித்து வெள்ளிச் சரிகையைப் பிரித்துக்கொள்வார்கள். ஒரே பேரத்தில் புடவையும் போச்சு, பித்தளையும் பரணுக்குப் போச்சு. ஆனால் அந்தப் பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். புளியும் சாம்பலும் போட்டுத் தினம் பித்தளை தேய்த்த கைகளுக்கு எவர்சில்வர் விடுதலையாகவே இருந்திருக்கும். இப்போது ஆன்லைனில் பித்தளை வாங்கி அதன் படத்தைப் போடுகிற நாம் அந்த வேலையைச் செய்ததில்லை.

பிரச்சினை என்னவென்றால், பித்தளையில் அப்படியே புளிக்குழம்பு வைக்க முடியாது. புளிப்பு பட்டால் களிம்பு ஏறும், குழம்பு கசக்கும், வயிற்றைக் கெடுக்கும். உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். வெள்ளீயம், காரீயம் அல்ல. கடைக்காரர் புதிதாகப் பூசித்தான் கொடுப்பார். தினமும் சமைத்தால் கொஞ்ச நாளில் அடியில் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். அப்போது அவரைக் கேட்டால், "வேற புதுசு எடுத்துக்குங்க" என்பார். பித்தளை திரும்பி வந்துவிட்டது, ஈயம் பூசுகிறவர் திரும்பி வரவில்லை.

எங்கள் அப்பார்ட்மென்டின் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் ஒரு அக்கா கேட்டார்: "ஈயம் பூச ஆள் இருக்கா?" அவ்வளவுதான், தண்ணீர் லாரிச் சண்டையைக்கூட மறந்து எல்லோரும் அதில் இறங்கிவிட்டார்கள். பல வீட்டில் பாத்திரம் பூச்சுப் போய்க் கிடந்திருக்கிறது. யாரோ யாரையோ விசாரித்து, வயதான ஒருவரைப் பிடித்தார்கள். நாற்பது பாத்திரமாவது இருந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் கரிக்கே கட்டாது என்றாராம். எண்ணிப் பார்த்தால் அதற்கு மேலேயே தேறியது.

வந்து, காம்பவுண்டு ஓரத்தில் பள்ளம் தோண்டி, கரி போட்டு, கையால் சுற்றுகிற ஊதுலையை வைத்துக்கொண்டார். பாத்திரத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, நெருப்பில் காட்டி, நவச்சாரத்தைத் தூவினார். வெள்ளைப் புகை குப்பென்று எழுந்தது. ஈயக் கம்பியால் சூடான அடியில் ஒரு தீற்று, பஞ்சால் ஒரே சுழற்று. கறுத்துப் போயிருந்த உள்பக்கம் பளிச்சென்று வெள்ளியாகிவிட்டது. உடனே தண்ணீரில் ஒரு முக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் மந்திரவாதியைப் பார்ப்பதுபோல நின்றார்கள்.

அது சுத்த ஈயம்தானா என்று செகரட்டரி சந்தேகப்பட்டார். பூசுகிறவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சார், காதுகிட்ட வச்சுக் கேளுங்க" என்று கம்பியைக் கொஞ்சம் வளைத்தார். கரகரவென்று ஒரு முனகல். வெள்ளீயம் வளையும்போது இப்படிச் சத்தம் போடும், காரீயம் வாயைத் திறக்காது என்றார். கூடவே பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை: "வெறும் பாத்திரத்தை அடுப்புல வச்சுட்டுப் போன் பேசப் போயிடாதீங்கம்மா. பூச்சு உருகி ஒண்ணா ஓடிடும்." சரிதான், ஈயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். ரசத்துக்கு வைக்கிற ஈயச்சொம்பு அடுப்பிலேயே சரிந்து உட்கார்ந்துவிடுவதும் இதனால்தான்.

யாராவது கற்றுக்கொள்கிறார்களா என்று கேட்டேன். மகன் கூரியர் கம்பெனியில் இருக்கிறானாம். "புகையில நிக்கச் சொல்லி எந்தப் பிள்ளையைத் தம்பி கூப்பிடுறது? வேலை இல்லாம இல்லை. இப்பதான் ஜாஸ்தி. ஆனா ஒருத்தர் அங்க, ஒருத்தர் இங்கன்னு இருக்காங்க. ஒரு பானைக்காக நான் பஸ் ஏற முடியுமா?" என்றார்.

இதில் அரசு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 1973இலிருந்து தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் பூம்புகார் என்ற பெயரில் கடைகள் நடத்துகிறது. அங்கே விற்பனைக்கு இடம் இருக்கிற மாதிரி, பழுது பார்க்கவும் ஒரு மேஜை போடலாம். மாதத்தில் ஒரு நாள் ஈயம், ஒரு நாள் வீணைக்கு மேளம், ஒரு நாள் விளக்குக்குத் திருகு. பாத்திரத்தை மக்கள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகட்டும், ஒரே இடத்தில் நாற்பது சேர்ந்துவிடும். புகைக்கு மேலே ஒரு கூண்டும் மின்விசிறியும் வைத்துக் கொடுத்தால் அவர் மகன்கூட யோசிப்பான். பட்டறையும் வாடிக்கையும் இருக்கிற வேலைக்கு ஆள் வராமல் போகாது.

அது நடக்கும்போது நடக்கட்டும். எங்கள் அப்பார்ட்மென்டில் புகைக்காக ஏ பிளாக் மாடிக்காரர்கள் புகார் கொடுத்து, அசோசியேஷன் கூட்டம் வரை விஷயம் போனது. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், காலை பதினோரு மணிக்கு மேல் என்று முடிவாயிற்று. பக்கத்து அப்பார்ட்மென்டிலிருந்தும் கேட்கிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டால் கூலி குறையுமா என்று ஒருவர் ஆரம்பித்ததை மற்றவர்களே அடக்கிவிட்டார்கள். அடுத்த முறை தைக்கு அப்புறம் வருவதாக ஈயம் பூசுகிறவர் சொல்லியிருக்கிறார். எத்தனை பாத்திரம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம், அதற்குத் தகுந்தாற்போல ஈயம் வாங்கி வரணும் என்கிறார். குழுவில் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டுக் கணக்கில் ஒரு அடுக்கு, ஒரு பெரிய உருளி.